நம்பர் போட்ட கதவு

தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்சி, என்ன பதவி என்பதெல்லாம் பேராச்சிக்குத் தெரியாது. அவருக்குப் பிறந்தநாள் வந்தது, ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டினார்கள். பிறந்தநாள் முடிந்ததும் அவிழ்த்துப் போட்டார்கள். அதை யாரோ எடுத்துவந்து கேம்பின் பெண்கள் கக்கூஸில், கதவில்லாத ஒரு வாசலில் கம்பி கோத்துத் தொங்கவிட்டார்கள். அன்றிலிருந்து உள்ளே போகிற ஒவ்வொருத்திக்கும் அவர் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறார். செம்பூர்க் காற்றுக்கு அந்தக் கும்பிடு முழங்காலுக்கு மேலே தூக்கும். சில நேரம் இடுப்புவரை வரும். உள்ளே குந்தியிருக்கிறவள் சேலையைப் பிடிப்பாளா, தலைவரைப் பிடிப்பாளா?

கதவே இல்லாமல் கட்டினார்கள் என்று சொன்னால் பொய். தாராவியில் சாக்கடை ஓரத்து வீடுகளையெல்லாம் இடித்து, "ரெண்டே வருசம், புது பில்டிங் எழும்பினதும் திரும்பி வந்துரலாம்" என்று லாரியில் ஏற்றிச் செம்பூரில் இந்தத் தற்காலிக டிரான்சிட் கேம்பில் கொண்டு இறக்கியபோது, கக்கூஸுக்கு நீல பிளாஸ்டிக் கதவுகள் இருந்தன. தாழ்ப்பாள்கூட இருந்தது. முதல் மழைக்கே கீல் விட்டது. கழன்று சாய்ந்த கதவுகள் ஒவ்வொன்றாகப் பழைய சாமான் கடைக்கு நடந்து போயின. விற்றது யார் என்று கண்டுபிடிக்கக் கமிட்டி கூடியது, டீ குடித்தது, கலைந்தது. ஆண்கள் பக்கத்தில் இரண்டு கதவுகள் இன்னமும் உயிரோடிருந்தன. அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் ஒரு மோரி இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. தாராவி வீடும் ஒற்றை அறைதான். ஆனால் மூலையில் முழங்கால் உயரச் சுவர் வைத்து, தண்ணீர் போக ஓட்டை விட்ட ஒரு மோரி இருந்தது. பாத்திரம் போட்டால் கழுவுகிற இடம். குறுக்கே பழைய சேலையைக் கட்டினால் குளிக்கிற இடம். மாதாமாதம் வீட்டுப் பெண்கள் துணியோ பேடோ மாற்றுகிற இடமும் அதுதான். பம்பாயில் எந்த ஓட்டை வீட்டிலும் மோரி இருக்கும். இந்தக் கேம்பை வரைந்த படித்த புண்ணியவான் வீட்டுக்கு மின்விசிறிக் கொக்கி வைத்தான், சுவரில் பிளக் பாயிண்ட் வைத்தான், மோரியை விட்டுவிட்டான். அவனைப் பெற்றவள் ஒரு பெண்தானே என்று பேராச்சிக்கு அடிக்கடி தோன்றும்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது அவள் மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். மகள் விஜயலட்சுமி வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாளாம். ஒன்பதாவது படிக்கிறவள். கேம்புக்கு வந்த பிறகும் தாராவிப் பள்ளிக்கூடத்துக்கே பஸ்ஸில் போய்வந்தாள். பேராச்சி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. மராத்திக்கார டாக்டரம்மா, காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காத முகம். பிள்ளையைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் பேராச்சியைத்தான் பிடித்தாள். காலையில் வைத்த பேடை ராத்திரிவரை மாற்றமாட்டாளா உங்கள் மகள்? தொடையெல்லாம் புண். சிறுநீரில் சீழ். காய்ச்சல் சும்மாவா வரும்? தண்ணீர் குடிக்கிறாளா இல்லையா? தாய் என்று ஒருத்தி வீட்டில் இருக்கிறாளா? எல்லாம் இந்தியில், வரிசையாக நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.

"கஹா பதலேகி மேடம்" என்றாள் பேராச்சி. எங்கே மாற்றுவாள்? டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மாத்திரைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவளுக்கு அடுத்த ஆள் காத்திருந்தது.

பஸ் ஸ்டாப்பில் மழை சாரலடித்தது. விஜி தாயின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"ஏட்டி, இவ்வளவு நோவு இருக்குன்னு என்கிட்ட சொல்லப்படாதா?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ?"

"ஏன், கூட வருவேன்லா? வெளிய நின்னு பாத்துக்கிடுவேன்லா?"

"நீ இட்லி அவிப்பியா, என்கூட வருவியா? சோட் நா மா, விடு."

"தண்ணிகூடவா குடிக்காம கெடந்த?"

"குடிச்சா போகணும்ல."

பேராச்சி முந்தானையால் மகள் முகத்துச் சாரலைத் துடைத்தாள். விஜியே மேலே சொன்னாள். கண்ணைத் திறக்காமலேதான் சொன்னாள்.

"மழை ஸ்டார்ட் ஆறதுக்கு முன்னாடி ஒரு நாளு. நான் நின்னுட்டு மாத்திட்டு இருந்தேன். காத்து அந்த ஃப்ளெக்ஸத் தூக்கிருச்சு. எதுத்தாப்ல குழாயடில பசங்க. ஒருத்தன் சீட்டி அடிச்சான். இன்னொருத்தன் கைல மொபைல் இருந்துச்சு."

"படம் எடுத்தானா?"

"பதா நஹி. அதான் மா, தெரியாது. எடுத்தானா எடுக்கலயான்னு தெரியாமத்தான் டெய்லி ஸ்கூலுக்குப் போயிட்டு வரேன். யாராவது சிரிச்சா என்னப் பாத்துதான் சிரிக்கிறாங்கன்னு இருக்கு."

பேராச்சிக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை எரிந்தது. யாரைப் போய் அடிப்பது? சீட்டி அடித்தவனையா, மோரியை விட்டவனையா, கதவைத் தின்றவனையா? பிள்ளையின் தலையைத் தன்மேல் இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தது.

மகளுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிட்டுக் கமிட்டி ஆபீசுக்குப் போனாள். தளவாய் அண்ணாச்சிதான் கமிட்டித் தலைவர். தாராவியில் இரும்பு பீரோ பட்டறை வைத்திருந்தவர். அவர் கையால் எத்தனை பீரோவுக்குக் கதவு போட்டிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அன்று ஆபீசில் ஏதோ விசேஷம், நாற்காலி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, பொம்பளையள் கக்கூஸுக்குக் கதவு என்னாச்சு?"

"எழுதிப் போட்டிருக்கம்லா தங்கச்சி."

"எப்பம் பாத்தாலும் எழுதிப் போட்டிருக்குங்கிய. யாருக்கு எழுதுனிய?"

"பில்டிங் கட்டுத கம்பெனிக்காரன்ட்ட கேட்டா, மெயின்டனன்ஸ் முனிசிபாலிட்டி பாக்கணுங்கான். அவன்ட்ட போனா, எடம் கம்பெனி எடம்ங்கான். நடுவுல நான் என்ன செய்யட்டும்?"

"நீங்க பீரோ அடிச்சவுக. ஒரு தகரத்த வெட்டி மாட்டுனா உங்க கை தேஞ்சா போகும்?"

"மாட்டலாம் தாயி. நம்ம மாட்டுனா நம்ம பொறுப்பாயிரும். பொறவு அவன் எந்தக் காலத்துலயும் போடமாட்டான். நியாயமா அவன்தான் போடணும். அதுல நாம விட்டுக்குடுக்கப்படாது."

"உங்க நியாயத்துக்கு எம் மவ ஆஸ்பத்திரில கெடக்கணுமா?"

தளவாய் தோள்துண்டை மாற்றிப் போட்டார். "பொம்பளையளும் கொஞ்சம் பாத்து நடந்துக்கிடணும்லா? அந்தக் கருமத்தையெல்லாம் குழிக்குள்ள போட்டுப் பைப்ப அடைச்சிருதாளுவ. போன வாரம் தோண்டி எடுக்க ஆளு வரமாட்டேன்னுட்டான்."

"எந்தக் கருமத்த?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"பேரச் சொல்லுங்க அண்ணாச்சி. பேரு வாயில வரமாட்டேங்கு, அதப் போட ஒரு குப்பைத்தொட்டி வேணும்னு எப்படி எழுதிப் போட்டீய? அதயும் கருமம்னுதான் எழுதுனியளா?"

பதில் சொல்வதிலிருந்து தளவாயை ஒரு வெள்ளைக் கார் வந்து காப்பாற்றியது. மாட்டுங்காவிலிருந்து தொண்டு நிறுவனத்து சாருலதா மேடம் வந்திறங்கினாள். அவளோடு இரண்டு காலேஜ் பெண்கள், நாலைந்து அட்டைப்பெட்டிகள், இன்னொரு ஃப்ளெக்ஸ். இந்த ஃப்ளெக்ஸில் ஒரு சிறுமி துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். கேம்புப் பெண்களுக்கு இலவசமாகப் பேட் கொடுக்கிற விழாவாம். அந்த நாற்காலிகளெல்லாம் அதற்குத்தான். பேராச்சியின் கையில் ஒரு பாக்கெட்டைத் திணித்து, "கொஞ்சம் நிமிர்ந்து பிடிச்சுக்கோங்கோ, ஒரு போட்டோ" என்றாள் மேடம்.

"போட்டோ இருக்கட்டும்மா. இத எங்க நின்னு வைக்கதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"புரியலயே?"

"கொஞ்சம் எங்கூட வாங்க."

சாருலதா வந்தாள். அதை மறைக்கக்கூடாது, செருப்பு சேற்றில் புதையப் புதைய வந்தாள். தலைவர் கும்பிடு போட்டார், காற்றில் மேலே எழுந்தார். உள்ளே ஒரு கிழவி பதறிக் கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொண்டாள். சாருலதா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாஸ்தவம். இது ரொம்பத் தப்பு" என்றாள் குரலைத் தணித்து. "ஆனா பாருங்கோ, எங்களுக்கு ஃபண்ட் குடுக்கறவா பேடுக்குன்னு சொல்லிக் குடுக்கறா. கதவுக்குக் குடுக்க மாட்டா. நான் வேணும்னா எழுதிக் கேக்கறேன்."

"எல்லாரும் எழுதுதிய."

"வேறென்ன பண்ணட்டும், சொல்லுங்கோ?"

பேராச்சிக்குப் பாக்கெட்டை அவள் காலடியில் வீசிவிட்டு வர ஆசைதான். வீட்டில் பிள்ளை கிடக்கிறாளே. இன்னொரு பாக்கெட்டும் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். போட்டோவுக்கு மட்டும் நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கதவுதான். இந்தத் தகரப் பெட்டி வீட்டுக்குத் தகரத்திலேயே ஒரு கதவு உண்டு. இது வேறு. சுவரில் சாய்த்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, ஒருத்தர் படுக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அவளுடைய புருஷன் சுடலைக்கண்ணன் தாராவியில் வீடு போட்ட காலத்தில் தாருகானாவில் கப்பல் உடைக்கிற இடத்துக்குப் போய், ஏதோ கப்பலின் அறைக்கதவைப் பேரம் பேசிக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தான். கனத்த மரம், பித்தளைத் தாழ்ப்பாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெருமுனைவரை கேட்கும்.

பிறகு சர்வே எடுக்க ஆட்கள் வந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கதவில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். "யே நம்பர் சம்பால்கே ரக்னா, பத்திரமா வச்சுக்கோங்க, இதுதான் உங்க வீடு" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். அவன் எந்த அர்த்தத்தில் சொன்னானோ. புல்டோசர் வந்த அன்று எல்லோரும் அண்டாவையும் மிக்சியையும் தூக்கிக்கொண்டு ஓட, சுடலைக்கண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு கதவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் மட்டுமா? அந்த வரிசையில் பாதிப்பேர் கதவைத்தான் காப்பாற்றினார்கள். இப்போது கேம்பில் பாதி வீட்டில் மனுஷர் காலை மடக்கிப் படுக்கிறார்கள், கதவு நெட்டுக்குத்தலாக நிற்கிறது. சுடலைக்கண்ணன் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குத் திருநீறு பூசுவான், தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெய் போடுவான். யாராவது சாய்ந்தால் கத்துவான்.

அவன் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தான். விடியுமுன் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு போனவன், மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் விற்று முடித்து, போனில் சேதி கேட்டு வரும் வழியில் மகளுக்கு இளநீர் வாங்கி வந்திருந்தான். அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பேராச்சி சோற்றையும் நெத்திலிக் குழம்பையும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இந்தக் கதவக் கக்கூஸுக்கு மாட்டப்போறேன்."

அவன் கை சோற்றிலேயே நின்றது. "எந்தக் கதவ?"

"வீட்டுல எத்தன கதவு இருக்கு?"

"உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சாட்டி? வாசக்கதவக் கொண்டுபோயிக் கக்கூஸ்ல மாட்டுவாளாம்."

"வாசலு எங்க இருக்கு? வாசல இடிச்சு வருசமாச்சு. கதவுதான் நிக்கி."

"அதுல நம்பரு இருக்குளா. நாளைக்கு ஆபீசர் வந்து, உன் வீட்டு நம்பரக் காட்டுன்னா எதக் காட்டுவ? இந்த நம்பரும் போச்சுன்னா நாம யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

அதில் பொய் இல்லை. பயம்தான் பேசியது. அது பேராச்சிக்கும் தெரியும், அவளுக்கும் அதே பயம் உண்டு. ஆனால் பாயில் கிடந்த பிள்ளையின் முனகல் அந்தப் பயத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"நம்பர நான் சொரண்டவா போறேன்? அது பாட்டுக்கு அதுல இருக்கும்."

"அதுக்காகவாட்டி? நான் திருநீறு பூசுத கதவு. சாமி கதவு. அதுல போயி பொம்பளையள் தீட்டோட கைய வச்சு..." அவன் முடிக்கவில்லை. மகள் விழித்திருக்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தான்.

பேராச்சி எழுந்து நின்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாளு."

"என்னது?"

"ரெண்டாம் நாளு. காலைல நீங்க வித்துட்டு வந்தீயள்ல, அந்த இட்லி பூராவும் நான் அவிச்சது. மாவு நேத்து ஆட்டுனது, அதுவும் இந்தக் கைதான். போன மாசமும் இந்தக் கைதான். கல்யாணம் ஆன நாள்லருந்து மாசாமாசம் இந்தக் கைதான். ஒரு நாளாவது, நீ தள்ளி உக்காருளா, யாவாரம் கெடக்கட்டும்னு சொன்னியளா? இட்லிக்குத் தெரியாத தீட்டு கதவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"அது வேற..."

"என்ன வேற? எனக்கு நோவுன்னா உங்களுக்குத் தெரியும். பாத்தும் பாக்காதது மாதிரி சைக்கிள எடுத்துட்டுப் போயிருவிய. நானும் அத நல்ல கொணம்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

சுடலைக்கண்ணன் தட்டில் கையைக் கழுவினான். "கதவத் தொட்டே, நடக்கது வேற" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். குழம்பு அப்படியே இருந்தது. பேராச்சி அதை மூடி வைத்தாள், வீணாக்க அவளுக்கு மனம் வராது.

மறுநாள் அவன் சைக்கிள் தெருவைத் தாண்டி, பொழுது விடிந்ததும் பக்கத்து வீட்டு சைனப்பைக் கூப்பிட்டாள். சைனப் மேலப்பாளையத்துக்காரி. தாராவியிலும் பக்கத்து வீடுதான், இங்கேயும் பக்கத்து வீடுதான். அவள் புருஷன் ஜஹாங்கீர் தாராவியில் சொந்தமாக பெல்ட் பட்டறை வைத்திருந்தவன், இப்போது இன்னொருவனிடம் தினக்கூலி. பட்டறையின் கத்தியும் சுத்தியலும் மிச்சத் தோலும் சைனப்பின் கட்டிலுக்கடியில் சாக்கில் கிடந்தன. பட்டறைக் கதவு அவள் வீட்டுச் சுவரில் நம்பரோடு நின்றது.

"கக்கூஸுக்கா?" என்று கேட்டுவிட்டு சைனப் கொஞ்சம் யோசித்தாள். "அண்ணன் ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாரு. தொடாதேன்னாரு."

"தொட்டா?"

"தொட்டுட்டுதான் பாக்கணும்."

சைனப் சிரிக்கவில்லை. "என் சின்னவ சபாவுக்கு நேத்துதான்க்கா மொத மொதலா வந்துச்சு" என்றாள். "பயந்து அழுதா. நாங்க யாருக்கும் சொல்லல. சோத்துச் சட்டிய எறக்கி வச்சுட்டு, இவங்க வாப்பாவ வெளிய போகச் சொல்லிட்டு, நான் போர்வையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். சாமான் நடுவுல வச்சுத்தான் மாத்துனா. வாக்கா, தூக்கு."

கதவு கனத்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள், சேற்றில் வழுக்கியது, இரண்டு இடத்தில் இறக்கி மூச்சு வாங்கினார்கள். குழாயடியில் நின்றவர்களில் யாரோ, "எங்க கொண்டு போறீக?" என்று கேட்டார்கள். பேராச்சி சொன்னாள். கேட்டவள் குடத்தை வைத்துவிட்டு நடுவில் வந்து தோள் கொடுத்தாள். இன்னொருத்தியும் வந்தாள்.

தலைவரைக் கம்பியிலிருந்து உருவித் தரையில் விரித்தார்கள். கதவு சேறு படாமல் அவர்மேல் படுத்தது. இடம் பார்த்ததும்தான் சிக்கல் தெரிந்தது. வாசல் நிலை மரமில்லை, இரும்புக் கோணம். திருகு ஏறாது. பேராச்சிக்கு அழுகை முட்டியது.

"திருகு என்னத்துக்கு?" என்றாள் சைனப். ஓடிப்போய்ச் சாக்கோடு வந்தாள். பெல்ட்டுக்கு வைத்திருந்த எருமைத்தோல், விரல் தடிமனில் இருந்தது. பட்டை பட்டையாக அறுத்தாள். இரண்டு பட்டையை ஒன்றாக அடுக்கி, இரும்புக் கோணத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து, கதவோடு சேர்த்து ஓட்டை போட்டு, செம்பு ரிவிட் அடித்தாள். மேலே, நடுவில், கீழே. அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் யாரையாவது மனதுக்குள் திட்டியிருப்பாள் போல, சுத்தியல் அப்படி இறங்கியது. பேராச்சி கதவை மார்போடு தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற இடத்துக்கும் ஒரு தோல் வளையம் வைத்தார்கள்.

சத்தம் கேட்டுத் தளவாய் வந்தார். பெண்கள் பக்கம் என்பதால் தூரத்திலேயே நின்றார்.

"என்ன தங்கச்சி நடக்கு அங்க?"

"கதவு மாட்டுதோம் அண்ணாச்சி. எழுதிப் போட்டுக்கிடுங்க."

"கேம்பு சொத்துல கைய வைக்கப்படாதுன்னு..."

"கேம்பு சொத்த வித்துத் தின்னாச்சு. இது எங்க சொத்து."

தளவாய் பட்டறைக்காரர் அல்லவா, கண் தானாகத் தோல் கீலுக்குப் போனது. "கீழ்ப் பட்டைய இன்னும் ஒரு விரக்கட மேல ஏத்தி அடி, இல்லைன்னா தொங்கிரும்" என்றார். அவர் சொன்னது சரிதான். அவர் திரும்பி நடந்த பிறகு சைனப் அதை ஏற்றி அடித்தாள், "வாயி மட்டும் வேல செய்யும்" என்று சொல்லிக்கொண்டே.

நம்பர் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று யாரோ கேட்டார்கள். உள்பக்கம் வைத்தால் மறைவாக இருக்கும், வீட்டு மானம் தப்பும். பேராச்சி யோசிக்கவே இல்லை. வெளிப்பக்கம் என்றாள்.

எல்லாம் முடிந்ததும் அவள் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மூலையில் மூடி போட்ட பழைய எண்ணெய் டின் ஒன்றை வைத்தாள், பேடைக் காகிதத்தில் சுற்றிப் போடுவதற்கு. பிறகு வீட்டுக்குப் போய் விஜியை எழுப்பிக் கூட்டிவந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது, நடைதான் தள்ளாடியது. விஜி கதவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இது நம்ம கதவு."

"ஆமா. போ. மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல."

தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தம் பேராச்சிக்கு எத்தனை நாள் பழக்கம்! தாராவியில் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தபிறகு கடைசியாகக் கேட்கிற சத்தம் அது. அவள் அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடும், கோபம் இன்னும் தேவைப்பட்டது.

ஏனென்றால் சுடலைக்கண்ணன் வந்துகொண்டிருந்தான். வெறும் சுவரைப் பார்த்திருக்கிறான். சைக்கிளை எங்கே போட்டானோ, கையில் ஸ்க்ரூடிரைவர். தோளில் இட்லிப் பாத்திரம் துடைக்கிற துண்டு அப்படியே இருந்தது. வரிசையில் நின்ற பெண்கள் ஒதுங்கினார்கள், போய்விடவில்லை.

"சொன்னேம்லா? தொடாதேன்னு சொன்னேம்லா?" என்று கதவருகே வந்து குனிந்து திருகைத் தேடினான். மேலே பார்த்தான், நடுவில் பார்த்தான். திருகே இல்லை. தோலும் ரிவிட்டுமாக இருந்தது. கோபத்தில் கதவை நெஞ்சால் தள்ளினான். அது அசையவில்லை.

"ஆள் இருக்கு" என்றது உள்ளேயிருந்து.

விஜியின் குரல். அதில் பதற்றம் இல்லை. பஸ்ஸில் சீட்டுப் பிடித்தவள் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். உள்ளே செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. சுடலைக்கண்ணன் ஒரு அடி பின்னால் வந்தான்.

"நம்பரு வெளியத்தான் இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றாள் பேராச்சி. "ஒரு புள்ளி அழியல. ஆபீசர் வந்தா நேர இங்கயே கூட்டிட்டு வாங்க. எங்க வீடு எதுன்னு அவனும் பாக்கட்டும். மூக்கப் பொத்திக்கிட்டுப் பாக்கட்டும்."

அவன் வாயைத் திறந்தான்.

"ஒண்ணும் சொல்லாண்டாம். பொம்பளையள் நிக்காக. தள்ளிப் போங்க."

அவன் தள்ளிப் போனான். ஆனால் போய்விடவில்லை. எதிரே குழாயடியில், அந்தப் பையன்கள் வழக்கமாக நிற்கிற அதே இடத்தில், ஸ்க்ரூடிரைவரோடு நின்றான். கதவு காலியாகட்டும், எப்படியாவது நெம்பி எடுத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. தண்ணீர் பிடிக்க வருகிற சாக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள். கையில் ஸ்க்ரூடிரைவரும் சிவந்த கண்ணுமாக ஒருத்தன் நிற்பதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்கள்.

விஜி வெளியே வந்தாள். தலை குனியாமல் அவனைத் தாண்டி வீட்டுக்கு நடந்தாள். அவன் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள், சைனப் தன் மகள் சபாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உள்ளே விட்டாள். தாழ்ப்பாள் விழுந்தது. சபா வந்ததும் நேற்றைக்குத் தலைவரைப் பிடித்துக்கொண்டிருந்த கிழவி போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. அவளுக்குப் பின்னால் கைப்பிள்ளைக்காரி, அவளுக்குப் பின்னால் அடுத்த வரிசைப் பெண்கள். செய்தி அதற்குள் அங்கேயும் போயிருந்தது, துண்டும் வாளியுமாக வந்தார்கள். பக்கத்துக் கக்கூஸுக்கு மாட்ட எந்த வீட்டிலிருந்தோ இன்னொரு கதவைத் தூக்கிக்கொண்டும் வந்தார்கள், சைனப்பிடம் தோல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.

மழை பிடித்தது. பேராச்சி வீட்டுக்குப் போய் நாளைக்கு அரிசி ஊறப்போட்டாள், உளுந்து ஊறப்போட்டாள், நேற்றைய குழம்பைச் சுடவைத்தாள். இடுப்பு விட்டுப்போனது போல் வலித்தது. அரிசி ஊறியதும் கையைக் கழுவிவிட்டு எட்டிப் பார்த்தாள். அவன் இன்னமும் குழாயடியில் நனைந்துகொண்டு நின்றான். கதவு ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கவில்லை.

"இன்னைக்கு மூணாம் நாளு" என்று வீட்டிலிருந்தே சத்தம் போட்டாள், வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு இடுப்பு நோவுது. நின்னது போதும், வந்து மாவாட்டுங்க."

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அவன் வருகிறானா என்று திரும்பிப் பார்த்தார்கள்.